சம்பந்தி கொடுத்துவிட்டுப் போன தாடை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் வீட்டில் பெண் எடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். என் மகன் வழக்கம்போல் வாய் திறக்காமல் சுகம். மருமகளைச் சுகம் என்று ஒரே வார்த்தையில் எழுதி முடிக்க முடியாது. அதற்காகத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நீங்களும், சம்பந்தியம்மாவும், சம்பந்தியம்மாவின் முழங்காலும், உங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கல்லாகிக் கிடக்கும் சகல ஜீவராசிகளும் சௌக்கியமா? அவற்றுக்கு இனிமேல் சுகக்கேடு வர வழியில்லை என்று தெரியும். மரியாதைக்குக் கேட்டு வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் 'உங்கள் மகள்' என்று வரும் இடமெல்லாம் நான் வசமாக மாட்டிக்கொண்ட இடம். 'என் மருமகள்' என்று வரும் இடமெல்லாம் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட இடம். அப்படியே பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்துபோன அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் இந்தக் குற்றத்தில் என் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வசதியாக இருக்குமே என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். வீட்டில் நான் மட்டும் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தீர்கள். கம்பளியில் சுற்றிப் பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தி வந்து, என் கட்டிலில் படுக்க வைத்துப் பிரித்தீர்கள். நான் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன். ஓய்வு பெறும்வரை நான் பார்க்காத தாடை கிடையாது என்று சொல்லித் திரிந்தவன். அந்தக் கம்பளிக்குள் இருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். முழங்கை நீளத்துக்கு ஒரு கீழ்த்தாடை. கல்லாகிப் போன எலும்பு, நல்ல தேன் நிறம். ஒரு பக்கம் பற்கள் அணிவகுத்து நிற்கின்றன, முன்னால் என் நடுவிரலைவிட நீளமான கோரைப்பல். மறுபக்கம் மொட்டை. சிறுத்தைக்கும் கரடிக்கும் நடுவில் நிற்கிற ஏதோ ஒரு வேட்டை மிருகம் என்றீர்கள். மனிதன் என்று ஒருவன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இரை தின்றது என்றீர்கள். எங்கே எடுத்தது என்று கேட்டேன். கீழே கிடந்தது என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள்.

ஆனால் எப்படி எடுத்தீர்கள் என்பதைச் சொன்னீர்களே, அதைக் கேட்டு நான் அசந்துபோனது நிஜம். எங்கோ சாலையை அகலப்படுத்த மேட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வேனில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வெட்டிய மண்ணில் ஒரு விரல் அகலத்துக்கு நிறம் மாறியிருப்பது ஓடுகிற வண்டியிலிருந்து உங்கள் கண்ணில் படுகிறது. இறங்கி, இயந்திரத்துக்குக் குறுக்கே நின்று, ஓட்டுநரிடம் கெஞ்சி, அன்று முழுக்கக் குப்புறப் படுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் அது மறுநாள் ஜல்லியாகிச் சாலைக்கு அடியில் போயிருக்கும். ஓட்டல் முதலாளி ஒருவர் தன் வரவேற்பறையில் வைக்கக் கேட்டிருக்கிறார், வாக்குக் கொடுத்தாயிற்று, ஆனால் பொக்கை வாயோடு வாங்க மாட்டேன் என்கிறார் என்றீர்கள். "உங்க கைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா, சம்பந்தி" என்றும் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். உங்கள் மகளுக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனைக்கும் தலையாட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல. ஓய்வுக்குப் பிறகு பரணில் கிடந்த சாமான்களை எல்லாம் இறக்கினேன். நல்ல பக்கத்தை அச்செடுத்து, அதை இடம் வலமாக மாற்றி மெழுகில் செதுக்கினேன். எதிர்ப்பக்கப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு தேய்மானம் இந்தப் பக்கமும் வேண்டும் அல்லவா. இல்லாவிட்டால் பார்க்கிறவன் ஒரே பார்வையில் செட் என்று சொல்லிவிடுவான். நிறத்துக்குத் தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டேன். மருந்து நெடி வீடெங்கும் அடித்தது. உங்கள் மகள் மோந்து மோந்து பார்த்துவிட்டு என்ன வாசனை என்றாள். பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சொன்னேன். மறுநாள் அவள் பக்கத்து வீட்டம்மாவிடம் என்ன கலர் அடிக்கிறீர்கள் என்று விசாரிக்க, அந்த அம்மா திருதிருவென்று விழிக்க, நான் போய் அந்த அம்மாவுக்கு ஞாபக மறதி என்று சொல்லிச் சமாளிக்க, இப்போது அந்த அம்மா என்னோடு பேசுவதில்லை. பல்லைத் தேய்க்கும் மோட்டார் சத்தத்துக்கு ஒரு பொய், பால் பாத்திரத்தில் ஒட்டியிருந்த மெழுகுக்கு ஒரு பொய் என்று நாளொரு பொய்யும் பொழுதொரு புளுகுமாகக் காலம் தள்ளினேன். என்ன சொன்னாலும், சம்பந்தி, வேலை மட்டும் பிரமாதமாக வந்தது. கடைவாய்ப் பற்களைப் பொருத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எது மிருகத்துடையது, எது என்னுடையது என்று எனக்கே ஒரு நிமிடம் குழப்பமாகிவிட்டது.

பாக்கி இருந்தது கோரைப்பல். செய்து முடித்த பல்லில் மருந்துக் காரம் போவதற்குத் தண்ணீரில் ஊற வைப்பது எங்கள் தொழில் வழக்கம். பழக்க தோஷத்தில் ஒரு டம்ளரில் போட்டு, அது எந்த டம்ளர் என்று யோசிக்காமல் அடுப்படி மேடையில் வைத்துவிட்டேன். வேலையிலிருந்து வந்த என் மகன் அதை எடுத்து அண்ணாந்து குடித்தான். அவன் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதுகூட 'ம்' என்ற ஓர் எழுத்தில் பதில் சொன்னவன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. முதலில் என் வாயிலிருந்து விழுந்த பல் என்று நினைத்திருக்கிறான். பிறகு அதன் நீளத்தைப் பார்த்திருக்கிறான்.

உங்கள் மகள் ஓடி வந்தாள். கோரைப்பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "எங்க அப்பா எப்ப வந்தாரு, மாமா?" என்றாள். அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. அறையைத் திறந்து கம்பளியை விலக்கிக் காட்டினேன்.

இனி வருவது என் மருமகள். அவள் கத்தவில்லை. குனிந்தாள், நாக்கை நீட்டினாள், தாடையை ஒரு நக்கு நக்கினாள். எனக்கு மயக்கம் வராத குறை. அவள் வேலை பார்க்கும் மியூசியத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்களாம். கல்லான எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளை இருப்பதால் நாக்கு ஒட்டுமாம், வெறும் கல்லிலும் பல் செட் மாவிலும் ஒட்டாதாம். தாடையில் ஒட்டியது. நான் ராப்பகலாக உழைத்து உருவாக்கிய செயற்கை ஈறில் ஒட்டவில்லை. உடனே அதை எடுங்கள் என்றாள். என் கைவேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்தேன்.

மொட்டையாக இருந்த இடத்தை அவள் விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நாங்கள் இருவரும் வாசலில் குற்றவாளிகள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது அவளுடைய முகத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு மலர்ச்சியை நான் என் வீட்டில் பார்த்து ரொம்ப காலமாயிற்று.

"குழி எல்லாம் மூடியிருக்கு, மாமா. செத்த பிறகு பல்லு விழுந்திருந்தா குழி அப்படியே இருக்கும். இது உயிரோட இருக்கும்போதே போயிருக்கு. போன பிறகும் ரொம்ப நாள் வாழ்ந்திருக்கு."

ஈறு ஆறட்டும், அப்புறம் வாருங்கள் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். ஆறிய எலும்பைத் தொட்டால் தெரியாதா எனக்கு? தெரியவில்லை, சம்பந்தி. வழவழவென்று இருக்கிறதே, செட் உட்கார வசதி என்றுதான் என் புத்தி போனது. வெட்கத்தை மறைக்க, பல்லில்லாமல் வேட்டை மிருகம் எதைத் தின்று பிழைத்திருக்கும், வேறு ஏதாவது மிருகம் அதற்குக் கொடுத்திருக்குமோ என்று கேட்டு வைத்தேன். அதை எழுத முடியாது, ஆனால் நினைத்துக்கொள்ளலாம் என்றாள். அன்று சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்தேன். எனக்கும் ஒரு பக்கம்தான் மெல்ல வரும். பல் செட் செய்து ஊருக்கெல்லாம் கொடுத்தவன் தனக்கென்று செய்துகொள்ளவில்லை. என் மகன் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக நறுக்கி என் பக்கம் நகர்த்தி வைக்கிறான். எத்தனை வருஷமாகச் செய்கிறானோ, அன்றுதான் கவனித்தேன்.

மறுநாள் காலையில் அந்த மலர்ச்சி போய்விட்டது. ஏன் என்று கேட்டதற்கு, தான் பார்த்ததைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு வரி எழுத முடியாது என்றாள். கடையில் இருக்கும் பொருளைப் பற்றி எழுதினால், நாளைக்கு இன்னொரு ஆராய்ச்சிக்காரர் வந்து, 'காட்டு, நானும் பார்க்கிறேன்' என்பார். ஓட்டல் மாறியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், தாடை எந்த ஊரில் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கும். காட்ட முடியாததைச் சொன்னால் அது வெறும் கதை என்கிறாள். நான் உடனே உங்கள் கட்சியைப் பேசினேன். அப்பா எடுக்காவிட்டால் ஜல்லியாகத்தானே போயிருக்கும் என்றேன். அதுவும் உண்மைதான் என்று ஒத்துக்கொண்டாள். அப்பாவின் கண் மாதிரி ஒரு கண் மியூசியத்தில் யாருக்கும் கிடையாது என்றும் சொன்னாள். உங்கள் முன்னால் இதைச் சொல்லியிருக்க மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். அவளுடைய வருத்தம் வேறு. கடையில் உங்களோடு உட்கார்ந்து கல் துடைத்த காலத்தில், ஒவ்வொன்றையும் எடுத்து எங்கே கிடைத்தது என்று கேட்பாளாமே. இடத்தை வெளியே விட்டால் மறுநாளே நாலு பேர் கடப்பாரையோடு போய் நிற்பார்கள் என்பதற்காக, நீங்கள் பெற்ற பெண்ணிடமும் 'கீழே' என்றே சொல்லிவிட்டீர்களாமே. அந்த 'கீழே'வில்தான் அவள் கடையை விட்டு எழுந்து போனதாகச் சொன்னாள். போனில் நீங்கள் இருவரும் பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். கல்லைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறீர்கள். இரண்டு பேருக்கும் கல்லைத் தவிர வேறெதிலும் அக்கறை இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அந்த ஓட்டல் முதலாளி கெட்ட மனிதராக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும் என்று ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அதிலும் தோற்றேன். தாடைக்கென்று கண்ணாடிப் பெட்டி தயாராக நிற்கிறது, உள்ளே விளக்குகூடப் போட்டுவிட்டார். உங்களிடம் வாங்கிய சுருள் சிப்பிக் கல்லை மேஜையில் வைத்திருக்கிறார். என்னோடு பேசும் நேரம் முழுக்க அதைத் தடவிக்கொண்டே இருந்தார். மியூசியத்துக்கு யார் போகிறார்கள், இங்கே வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான் என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டிவிட்டேன். நான் போன காரியத்தை ஆரம்பிப்பதற்குள், மேல்வரிசை செட் ஆடுகிறது, கொஞ்சம் பாருங்களேன் என்று வாயைத் திறந்துவிட்டார். சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே சம்பந்தி, பெண் எடுத்தவன் என்ற முறையில் நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. அது உங்கள் தொழில் ரகசியம், அதில் தலையிட நான் யார். தாடையை மட்டும் மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அது என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பதில் வரும்வரை அதை வெளியே எடுக்க விடமாட்டேன். பற்களைக் கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். செத்த பிராணிக்கு இனி ஒரு பல்கூடச் செய்வதில்லை, ஒட்டுவதில்லை என்று என் மகன் முன்னிலையில் சத்தியம் செய்திருக்கிறேன். அவனும் 'ம்' என்றான். ஒன்றே ஒன்று, நான் எழுதியது உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டாம். அவள் ரோஷக்காரி. தானாக உங்கள் வாசலில் வந்து நின்று கேட்கிற ஜாதி இல்லை. அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்கச் சொன்ன என் யோசனையும். கடைக்கும் வேனுக்கும் ஒரு குறையும் வராமல், மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் முதலில் உங்கள் கண்ணிலேயே பட்டு, நீங்கள் நீடூழி வாழ மனதார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மீது மாறாத மரியாதையும், சமீப காலமாகக் கொஞ்சம் பயமும் உள்ள,
சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளவும். கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் மகள் வந்து விலாசத்தைப் பார்த்துவிட்டாள். தபாலில் சேர்க்க வேண்டாம், நாளைக்கு நானே அப்பா வீட்டுக்குப் போகிறேன், கொடுத்துவிடுகிறேன் என்றாள். ஒட்டித்தான் கொடுக்கிறேன், ஆனாலும் அவள் வழியில் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டி, உறையின் ஓரம் ஈரமாக இருந்தால் நான் பொறுப்பல்ல.

தாடையும் அவளோடு வருகிறது. பற்களோடு. அவற்றை அவளே மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து வந்து, மறுபடியும் பொருத்தித் தரச் சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் எலும்பு நோகாமல் கழன்று வரும் பசையாகப் பார்த்துக் கொடுத்தாள். நான் வாயைப் பிளந்தேன். "அப்பா வாக்குக் கொடுத்திருக்காரு, மாமா. கொடுத்தபடி போகட்டும். அது அவர் எடுத்தது" என்றாள். என் சத்தியம் போயிற்று. இந்தத் தடவை கோரைப்பல்லைப் பொருத்தி முடித்ததும், ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று அவள் சொன்னாள் என்பதையும் உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் கேட்க மாட்டேன் என்று எழுதிய அந்த ஒன்றைத்தான் அவள் கேட்க வருகிறாள். எங்கே கிடந்தது என்பதை. இடம் தெரியாத தாடை மியூசியத்துக்கு வந்தாலும் மூலையில்தான் கிடக்குமாம். இடம் தெரிந்தால் மிச்ச உடம்பு அங்கே இருக்கலாம். அந்தக் கிழட்டு மிருகத்துக்குச் சாப்பாடு கொடுத்தது யாராவது உண்டென்றால், அவர்களும் பக்கத்திலேயே இருக்கலாம். சாலை வேலை முடிந்து தார் போட்டுவிட்டால் அப்புறம் யாருக்கும் இல்லை என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என் மகன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கேளு, சொல்லுவாரு" என்றான். இரண்டு வார்த்தை, சம்பந்தி.

அவள் வந்து நிற்கும்போது கடையில் வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அனுப்பிவிடுங்கள். வாயால் சொல்லச் சங்கடமாக இருந்தால் சொல்ல வேண்டாம். வேனை எடுங்கள், அவளை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.